பூட்டிய மைதானத்துக்கு ஒரு குறுக்கு வழி

ரயில் நிலையத்தின் பெரிய வாசலுக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் போன் கடைக்கும் நடுவே, ஒருவர் உட்காரவும் இன்னொருவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள ஒரு பொந்து இருக்கிறது. சாவிக்காரரின் ராஜ்யம் அதுதான். சுவர் முழுக்க இன்னும் பல் வெட்டாத சாவிகள், மூலையில் சாவி வெட்டும் மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு மேசை விளக்கு. 'உடனடிச் சாவி' என்று வாசலில் போர்டு தொங்கும். நம்பிவிடாதீர்கள். சாவி என்னவோ உடனே தயாராகிவிடும். அவர் பேச்சு முடிந்தால்தானே அது உங்கள் கைக்கு வரும்!

சாவி வெட்டுவது அவருக்குப் பிழைப்பு. வழி சொல்வதுதான் உயிர். ரயிலை விட்டு இறங்கி, பையைக் கீழே வைத்து, நாலு பக்கமும் திரும்பிப் பார்க்கிற ஒரு முகம் கண்ணில் பட்டால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். "எங்க போகணும் சொல்லுங்க" என்பார். அந்த மனிதர் பாவம், மைத்துனன் வந்து அழைத்துப்போவான் என்று சும்மா நின்றிருப்பார். அதெல்லாம் செல்லாது. எங்கேயாவது ஓரிடத்துக்கு வழி சொல்லி அனுப்பி வைத்தால்தான் நம்மவருக்குச் சோறு இறங்கும்.

இதில் கால்பந்து ரசிகர்கள் என்றால் அவருக்குத் தனி உற்சாகம். அந்த ஊரில் பெரிய மைதானம் ஒன்று உண்டு. வெளிநாட்டு அணி ஆட வந்தால், அதன் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலில் வந்து இறங்குவார்கள். கழுத்தில் கலர் துண்டு, முகத்தில் பெயின்ட், கண்ணில் திருவிழாவில் தொலைந்த குழந்தையின் முழி. சாவிக்காரர் கடை வாசலில் அவர்களை நிறுத்திப் பாடம் எடுப்பார்.

"முதல்ல ஒண்ணு சொல்றேன், காதுல வாங்கிக்குங்க. கூட்டம் போற வழியில போகாதீங்க. கூட்டத்துல ஒருத்தனுக்கும் வழி தெரியாது, முன்னாடி போறவன் முதுகு மட்டும்தான் தெரியும். டிக்கெட்டைப் பின் பாக்கெட்டுல வைக்காதீங்க, அது உங்க பாக்கெட் இல்ல, ஊருக்கே பொதுப் பாக்கெட். ஒண்ணுக்கு வருதோ வரலையோ, உள்ள போறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க. எங்க டீம் ஜெயிச்சா வெளிய வரும்போது கொஞ்சம் சிரிச்ச முகமா வாங்க. உங்க டீம் ஜெயிச்சா, வீட்டுல யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. உள்ளுக்குள்ள எவ்வளவு வேணா ஆடிக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க."

நல்ல அறிவுரைதான், குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு சிக்கல், போனில் வரைபடம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது ஆகாசத்துல இருந்து பார்த்துச் சொல்லுது, நான் தரையில நடந்து சொல்றேன்" என்பார். உண்மையும் அதுதான். சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கிறவர்களுக்குப் பூட்டைத் திறந்துவிடப் போய்ப் போய், அவர் கால் படாத சந்து அந்த ஊரில் கிடையாது.

அவர் மனைவி பெரிய மைதானத்தில் துப்புரவு மேற்பார்வை. கூட்டம் கலைந்த பிறகு காகிதக் கோப்பையும் கிழிந்த கொடியுமாகக் கிடக்கும் படிக்கட்டுகளை, ஒரு பட்டாளத்தை வைத்துப் பெருக்கிக் கழுவி வைப்பது அவள் வேலை. வீட்டில் பேசுகிறவர் அவர், வேலை பார்க்கிறவள் அவள் என்று அக்கம்பக்கத்தில் கேலி உண்டு. அவள் பேசவே மாட்டாள் என்றில்லை. பேசினால் கேட்பதற்கு ஆள் வேண்டாமா?

அன்று காலையும் அப்படித்தான் ஆயிற்று. அவர் கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, ராத்திரி பெரிய மைதானத்துல குழாய் வெடிச்சு ஒரே வெள்ளம். இன்னைக்கு ஆட்டத்தை ஆத்துக்கு அந்தப் பக்கம் பழைய மைதானத்துக்கு மாத்திட்டாங்க. நான் அங்கதான் போறேன். கேட்குதா?"

"ம்" என்றார் அவர்.

கல்யாணமான ஆண்களுக்கென்றே ஒரு 'ம்' இருக்கிறது. காதுக்குள் எதுவும் போகாமல் வாயிலிருந்து தானாகப் புறப்பட்டு வருவது. அந்த 'ம்'தான் அது. அவர் மனசெல்லாம் அன்றைக்கு வரப்போகும் வெளிநாட்டு ரசிகர்களுக்கு என்ன புது யோசனை சொல்லலாம் என்பதிலேயே இருந்தது.

ரயில் வந்தது. கூட்டம் இறங்கியது. மஞ்சள் சட்டை போட்ட மைதான ஊழியர்கள் வாசலில் நின்று கையை நீட்டி நீட்டி வழி காட்ட, எல்லோரும் அந்தப் பக்கமாகப் போனார்கள். ஒரு சின்னக் கூட்டம் மட்டும் பின்தங்கியது. பெரிய மேளம் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்த மேளக்காரர், போனையே பார்த்துக்கொண்டு நடந்த கண்ணாடிக்காரன், இன்னும் நாலைந்து பேர், அவர்களுக்கு நடுவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா. பக்கத்து நாடுதான், பேச்சின் இழுவைதான் வேறே தவிர, இவர் சொல்வது அவர்களுக்கும் அவர்கள் சொல்வது இவருக்கும் புரியும்.

"ஏன்மா, இந்தக் காலோட மேட்ச் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார் சாவிக்காரர்.

"என் மகன் ஆடுறான் அண்ணே" என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "இன்னைக்குத்தான் முதல் தடவையா எறங்குறான். ரெண்டு வருஷமா பெஞ்சுலயே உட்கார வச்சிருந்தாங்க. நான் வர்றது அவனுக்குத் தெரியாது. சொன்னா பயந்துக்குவான். ஊர்ல முட்டைக் கடை வச்சிருக்கேன். கடையை ஒருநாள்கூட மூடினது கிடையாது. நேத்து மூடிட்டு ரயில் ஏறிட்டேன். நாடு விட்டு நாடு வர்றது இதான் முதல் தடவை. எதுவும் புரியலை அண்ணே, இவங்க பின்னாடியே வந்துட்டேன்."

சாவிக்காரர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார். வெளிநாட்டு அணியோ சொந்த அணியோ, ஒரு தாய் தன் பிள்ளையின் முதல் ஆட்டத்தைப் பார்க்க வந்து தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்! அப்போதே ஷட்டரை இழுத்துச் சாத்தினார். "அம்மா, இனிமே நீங்க என் பொறுப்பு. உங்களை அந்தச் சீட்டுல கொண்டுபோய் உட்கார வைக்காம நான் திரும்ப மாட்டேன்."

கண்ணாடிக்காரன் போனைத் திருப்பிக் காட்டினான். "அண்ணே, இதுல என்னமோ மைதானம் மாறிட்ட மாதிரி..."

"தம்பி, அதை உள்ள வை."

"இல்லண்ணே, அந்த மஞ்சள் சட்டைக்காரங்களும் வேற பக்கம்தான் கையைக் காட்டறாங்க."

"அவங்க சம்பளத்துக்கு நிக்கிறவங்க தம்பி. நேத்துதான் இந்த ஊருக்கு வந்திருப்பாங்க. நான் இங்கயே கிடக்கிறவன். என் பின்னாடி வா."

அவன் போனை உள்ளே வைத்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

முதலில் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். பிறகு புறப்பட்டது ஊர்வலம். அச்சகத்துக்குப் பின்னால் புகுந்து, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நடந்து, துணி காயப்போட்ட முற்றங்களைத் தாண்டி, குறுக்கு வழிக்குள் குறுக்கு வழியாக அழைத்துப்போனார். அந்த அம்மாவின் பை அவர் தோளில். நடுவே சட்டைப்பைக்குள் போன் அலறியது. மனைவி. எடுக்கவில்லை. மறுபடி அலறியது. "வேலை நேரத்துல கூப்பிட்டுக்கிட்டு" என்று சத்தத்தை அணைத்தார்.

"தெருவுல ஒரு ஈ காக்கா இல்லையே அண்ணே?" என்றார் மேளக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"அதான் சார் என் வழி! இந்நேரம் அந்தப் பக்கம் போனவங்க நசுங்கிக்கிட்டிருப்பாங்க. நீங்க ராஜா மாதிரி நடக்கறீங்க." தெரு எவ்வளவு காலியாக இருந்ததோ அவ்வளவுக்கு அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

மைதானம் வந்தது. வாசல் சாத்தியிருந்தது. பெரிய சங்கிலி, அதில் தேங்காய் அளவு பூட்டு. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நொடி யோசித்திருப்பார்கள். இவர் யார்? பூட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

"பாருங்க லட்சணத்தை! ஆட்டத்தன்னைக்குக் கதவைத் திறக்க மறந்துட்டுத் தூங்குறான் வாட்ச்மேன்" என்றார். சட்டைப்பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்தார். காதை வைத்துக் கேட்டார், ஒரு முறை முறுக்கினார், பூட்டு வாயைப் பிளந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மேளக்காரர் ஒரு அடி அடித்தே விட்டார். அந்த அம்மா அவரை ஏதோ பெரிய மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சாவிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"நாமதான் முதல் ஆளு!" என்று உள்ளே அழைத்துப்போனார். டிக்கெட்டில் போட்டிருந்த இடம் மேல் அடுக்கு. ஒரு கையை மேளக்காரரும் இன்னொரு கையை இவரும் பிடித்து, அந்த அம்மாவைப் படிப்படியாக ஏற்றினார்கள். "ஆச்சும்மா, ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்." உச்சிக்குப் போய், சீட்டு எண்ணைத் தேடி, தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்து அவரை உட்கார வைத்தார். பிறகுதான் எல்லோரும் திரும்பி மைதானத்தைப் பார்த்தார்கள்.

மைதானம் குளமாக இருந்தது. கோல் கம்பத்தின் கீழே இரண்டு காக்கைகள் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் பம்பு ஒன்று டபடபவென்று ஓட, பேன்ட்டைச் சுருட்டிவிட்ட ஒரு ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருய்யா அங்க? பூட்டுன கேட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?"

"மேட்ச் பார்க்க!" என்று கத்தினார் மேளக்காரர்.

"மேட்ச்சா? அது ஆத்துக்கு அந்தப் பக்கம் இந்நேரம் ஆரம்பிக்கப் போகுது. இங்க இருந்தா நான் தண்ணி எறைக்கிறதைத்தான் பார்க்கணும். பரவாயில்லைன்னா உட்காருங்க!"

சாவிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லாக இப்போது காதுக்குள் வந்து விழுந்தது. குழாய். வெள்ளம். அந்தப் பக்கம். கேட்குதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆளாளுக்கு அவரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். கத்தட்டும், அது நியாயம். கண்ணாடிக்காரன் மட்டும் ஓரமாக நின்று தன் போனைத் துடைத்துக்கொண்டிருந்தான், அது அதைவிடக் கொடுமை. அந்த அம்மா கோபப்படவே இல்லை. கஷ்டப்பட்டு ஏறி வந்த படிகளைக் கீழே ஒருமுறை பார்த்தார், பிறகு இவர் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த மைதானம் கிட்டதானே? போயிடலாம்ல? அவன் ஆடுறதுக்குள்ள போயிடலாம்ல?"

நடக்கிற தூரமா அது! சாவிக்காரர் போனை எடுத்தார். மனைவியின் அழைப்புகள் வரிசையாக நின்றன. கூப்பிட்டார். எடுத்ததுமே அவள் கேட்டாள்: "எங்க இருக்கீங்க? கடை பூட்டிக் கெடக்குன்னு செருப்புக் கடைக்காரர் சொல்றாரு. யாரையாவது கூட்டிக்கிட்டுப் பெரிய மைதானத்துக்குப் போயிடலையே?"

"போயிட்டேன்" என்றார் அவர்.

"அடக் கடவுளே" என்றாள் அவள். பிறகு அந்த அம்மாவைப் பற்றி அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னதைக் கேட்டதும் அவள் குரல் மாறியது. "திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன். எப்படியாவது கூட்டிட்டு வாங்க. அந்த அம்மாவால சுத்திக்கிட்டு வர முடியாது, பின்னாடி எங்க ஆளுங்க வர்ற வாசலுக்குக் கொண்டாங்க. நான் நிக்கிறேன்."

தெருவுக்கு ஓடினார். பஸ் இல்லை, டாக்சி இல்லை, எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. தூரத்தில் ஒரு சோபாக் கடை வேன் வந்தது. நடுத்தெருவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். டிரைவர் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டித் திட்ட வாயெடுத்தவர், ஆளைப் பார்த்ததும் அடங்கினார். போன மழையில், வண்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிவிட்டு நனைந்துகொண்டு நின்ற டிரைவருக்குக் கதவைத் திறந்துவிட்டது இவர்தான்.

"என்னண்ணே, சாகப் பார்க்கறீங்களா?"

"செத்துட்டேன்பா. காப்பாத்து" என்றார் சாவிக்காரர்.

வேனுக்குள் யாருக்கோ போய்ச் சேரவேண்டிய புது சோபா ஒன்று, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அந்த அம்மாவை அதன் நடுவில் ராணி மாதிரி உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் ரசிகர்கள், காலடியில் மேளம். வண்டி கிளம்பி முதல் திருப்பம் வந்தது. சாவிக்காரர் முன்னால் எட்டிப் பார்த்து, "இதுல லெப்ட் எடுத்தா..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம்!" என்று எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள்.

வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை. டிரைவர் தன் இஷ்டத்துக்கு ஆலைப் பக்கத்துச் சின்னப் பாலத்தில் ஏறி, சுற்றிக்கொண்டு, இரண்டு இடத்தில் மாட்டி, ஒரு இடத்தில் லாரிக்காரனோடு சண்டை போட்டு, ஒருவழியாகப் பழைய மைதானத்தின் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். வழியெல்லாம் அந்த அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் இவர் பார்க்கிறாரென்று தெரிந்தால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வதுமாக வந்தார். என்னைத் திட்டித் தொலையேன் தாயே என்று இவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

வாசலில் மனைவி பச்சைக் கோட்டோடு நின்றிருந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். "ரெண்டாவது பாதி ஆரம்பிச்சாச்சு. நீங்க எல்லாரும் அப்படியே வலது பக்கமா ஓடுங்க, உங்க கேட் அங்க இருக்கு. அக்கா, நீங்க என் கையைப் பிடிச்சுக்குங்க. படியே இல்லாம கூட்டிட்டுப் போறேன்."

மேளக்காரரும் மற்றவர்களும் ஓடினார்கள். அவள் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திப்போனாள். வாளிகளும் துடைப்பங்களும் சாய்த்து வைத்த நீண்ட நடை. ஈர சிமெண்டும் பினாயிலும் மணத்தன. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார் சாவிக்காரர். தலைக்கு மேலே கூட்டம் இரைந்தது.

நடை முடிந்த இடத்தில் ஒரு தாழ்வான கம்பித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பச்சைப் புல். சின்ன மைதானம் அது, அந்தக் காலத்துக் கட்டடம். ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"எங்க என் புள்ள?" அந்த அம்மா ஆடுகிறவர்களை ஒவ்வொருவராகத் தேடினார். "காணோமே. எங்க அண்ணே?"

சாவிக்காரர் தடுப்பருகே நின்ற காவலரிடம், வெளிநாட்டு அணியில் இன்றைக்கு முதல் தடவையாக இறங்கிய பையன் எங்கே என்று மெல்லக் கேட்டார். காவலர் பெஞ்சின் ஓரத்தைக் காட்டினார். "அந்தப் பையனா? பாவம். ரெண்டு டீமும் சமமா ஆடிக்கிட்டிருந்தாங்க. தடுக்கப் போன பந்து இவன் கால்ல பட்டு இவங்க கோலுக்குள்ளயே போயிடுச்சு. இடைவேளையில வெளிய எடுத்துட்டாங்க. இனிமே எறங்க முடியாது."

சாவிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்த ஆட்டம். கடையை மூடிவிட்டு, நாடு தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்த தாய். எல்லாம் முடிந்த பிறகு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். "அம்மா, என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார். "நான் ஒரு மடையன். அந்தத் தம்பி சொன்னான், என் பொண்டாட்டி சொன்னா, நான் கேட்கலை. உங்க புள்ள ஆடினதை நீங்க பார்க்க முடியாமப் பண்ணிட்டேன்மா."

அந்த அம்மா இதையெல்லாம் கேட்கவே இல்லை. அவர் கண் பெஞ்சின் ஓரத்துக்குப் போய்விட்டது. அங்கே ஆறடி உயரத்தில் ஒரு பையன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, தரையைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள்கூட ஓர் இடம் விட்டே உட்கார்ந்திருந்தார்கள்.

"பட்டு!" என்று செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் அந்த அம்மா.

துண்டு அசைந்தது. மறுபடி கூப்பிட்டார். அவன் திரும்பினான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. ஒரு நொடி அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எழுந்து தடுப்புக்கு வந்தான்.

"அம்மா? நீ எப்படி இங்க? எப்பம்மா வந்த?"

"இப்பதான்டா."

"பார்த்தியா?" அவன் குரல் உடைந்தது. "முதல் பாதியைப் பார்த்தியாம்மா?"

"இல்லடா கண்ணா. ஒண்ணுமே பார்க்கலை. இப்பதான் உள்ள வந்து நிக்கிறேன்."

"பொய் சொல்லாத."

"சத்தியமாடா! இதோ நிக்கிறாரே, இந்த அண்ணன்தான் எங்களை வேற மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். பூட்டை வேற திறந்து உள்ள விட்டு, மேல வரைக்கும் ஏத்தி உட்கார வச்சுட்டார். அங்க ஒரு ஆளு தண்ணி எறைச்சுக்கிட்டு இருக்கான்!"

அவன் சாவிக்காரரைப் பார்த்தான். பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்திருந்த தோள்கள் அப்படியே தளர்ந்தன. பெரிய மூச்சு ஒன்று விட்டான். "அண்ணே" என்றான். "வீட்டுல டிவி முன்னாடி உட்கார்ந்து எங்கம்மா அதைப் பார்த்திருக்கும்னு நினைச்சு நினைச்சு செத்துக்கிட்டு இருந்தேன்ணே. தெரு முழுக்கக் கூப்பிட்டு உட்கார வச்சிருக்கும்னு நினைச்சேன். பார்க்கவே இல்லையா! ரொம்ப தேங்க்ஸ்ணே."

சாவிக்காரர் சுவரில் சாய்ந்து, வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே அழுதார். மனைவி அவர் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. திட்டுவதை நாளைக்கு ஒத்திவைத்திருப்பாள்.

மேலே எங்கேயோ மேளம் கேட்க ஆரம்பித்தது. பையன் தடுப்புக்கு இந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றான். அம்மா அவன் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டார்.

"எவ்வளவு தண்ணிம்மா?" என்று கேட்டான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதை ஏன் கேக்குற" என்று கதையை ஆரம்பித்தார் அந்த அம்மா.